நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்குக் குளிசை தொடங்கும் முதல் மூன்று மாதம்: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

"லுக்கீமியா" என்ற சொல் காதில் விழுந்தபிறகு வைத்தியர் சொல்லும் மீதி எதுவும் மனதில் ஏறாது. ஆகவே ரிப்போட்டை மடித்துப் பைக்குள் வைக்க முன்னர் ஒரேயொரு கேள்வியைக் கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள்: இது எந்த வகை? நாட்பட்ட வகையில் பெரியவர்களுக்கு வருபவை முக்கியமாக இரண்டு. சீஎல்எல் (CLL, நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கீமியா) பெரும்பாலும் வயது போனவர்களுக்கு வரும். அதில் பலருக்கு உடனே மருந்து தேவைப்படாது, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்தே ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். சீஎம்எல் (CML, நாட்பட்ட மைலோயிட் லுக்கீமியா) என்றால் கண்டுபிடித்ததும் மருந்து தொடங்க வேண்டும். அந்த மருந்து பெரும்பாலானோருக்கு வீட்டில் இருந்தபடியே விழுங்கும் குளிசைதான். இந்தக் கட்டுரை சீஎம்எல்லுக்குக் குளிசை தொடங்குபவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும்.

நோயின் வேர் என்னவென்று தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் அடங்கும். எலும்பு மச்சையில் உள்ள ஒரு கலத்தில், மரபணுக்களைச் சுமக்கும் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. அப்படிக் குட்டையாகிப்போன 22ஆம் நிறமூர்த்தத்தை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் ரிப்போட்டில் "பிலடெல்பியா" என்று இருக்கிறது. ஒட்டிக்கொண்ட இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்ற புது மரபணு உருவாகி, "வெள்ளைக் கலம் செய், செய்" என்று ஓயாமல் கட்டளை இடுகிறது. இமாட்டினிப் என்ற குளிசை அந்தக் கட்டளையை அடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2001இல். இணையத்தில் ஆயுள் கணக்குத் தேடுபவர்கள் அந்த ஆண்டை மறக்கவேண்டாம். அதற்கு முந்தைய கணக்குகள் இந்தக் குளிசை இல்லாத காலத்தவை, உங்களுக்குப் பொருந்தாதவை. ஆரம்பக் கட்டத்திலேயே கண்டுபிடித்து, குளிசையை ஒழுங்காக எடுத்து, நல்ல பலன் கிடைத்தவர்களின் ஆயுள் இன்று ஏனையோரின் ஆயுளுக்கு மிகக் கிட்டவே இருக்கிறது.

இந்த இடமாற்றம் பிறந்தபிறகு ஒரு கலத்தில் நடப்பது. பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தாலும் தொற்றாது. வீட்டில் கலியாணம் பேசும் வயதில் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொந்தக்காரருக்குத் தெளிவாகச் சொல்லிவைப்பது நல்லது.

குளிசை

ஆரம்பக் கட்டத்தில் இமாட்டினிப்பின் வழமையான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். ஒரு குளிசையாகவும் வரலாம், 100 மில்லிகிராம் குளிசைகள் நான்காகவும் வரலாம். வெறும் வயிற்றில் விழுங்கினால் பிரட்டும். சாப்பாடு முடிந்த பிறகு விழுங்குவதைவிட, பாதிச் சாப்பாட்டில் விழுங்கி, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் குடித்து, மீதியைச் சாப்பிடுவது வயிற்றுக்கு இதம். புட்டோ இடியப்பமோ சோறோ எதுவானாலும் சரி, வெறும் பிஸ்கட் போதாது. விழுங்கியதும் படுக்கக்கூடாது. இரவில் எடுப்பவர்கள் ஏழரை மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் பிறகு சரியுங்கள். விழுங்க முடியாதவர்கள் 400 மில்லிகிராம் குளிசையை 200 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டு, கரண்டியால் கலக்கி, கரைந்ததும் உடனே குடிக்கலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தக் கரைசலையோ உடைந்த குளிசையையோ அவர் கையால் தொடவேண்டாம்.

இதே நோய்க்கான இன்னொரு குளிசையான நிலோட்டினிப் கொடுத்திருந்தால் முறை நேர்மாறு. சாப்பிட்டு 2 மணித்தியாலத்துக்குப் பிறகு விழுங்கி, அடுத்த 1 மணித்தியாலம் எதுவும் சாப்பிடக்கூடாது. 12 மணித்தியால இடைவெளியில் நாளுக்கு இரண்டு தரம். சாப்பாட்டோடு எடுத்தால் மருந்து இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சி ஏறி இதயத்துடிப்பைக் குழப்பலாம். பக்கத்துவீட்டுக்காரர் "நானும் இதே வருத்தத்துக்குத்தான் எடுக்கிறேன், சாப்பாட்டோடு எடுங்கோ" என்று சொன்னால், எந்தக் குளிசை என்று முதலில் கேளுங்கள்.

இமாட்டினிப் எடுப்பவர்கள் ஒரு நேரக் குளிசை மறந்துவிட்டால், அன்றைக்கே நினைவு வந்தால் சாப்பாட்டோடு எடுங்கள். அடுத்த நேரம் கிட்டிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். ஒருபோதும் இரண்டாகச் சேர்த்து எடுக்கவேண்டாம். விழுங்கியபின் சத்தி எடுத்தால் நீங்களாகவே இன்னொன்று விழுங்காமல், கொப்பியில் குறித்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இனி முக்கியமான இடம். குளிசை தொடங்கி சில வாரங்களில் வெள்ளைக் கல எண்ணிக்கை இறங்கிவிடும், இடப்பக்க விலாவுக்குக் கீழே வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கும், இராவியர்வை நிற்கும், பசி வரும். "சுகம் வந்திட்டுது" என்று மனம் சொல்லும். குளிசை தவறத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நல்ல நாள்களில்தான். மாதத்தில் 3 நாள் தவறினாலே 10 சதவீதம் போய்விடுகிறது. இமாட்டினிப் எடுப்பவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், 90 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களிடம் நல்ல பலன் வெகுவாகக் குறைந்தது தெரியவந்தது. குளிசை தவறும் நாளில் கட்டளை மறுபடி ஒலிக்கிறது. எஞ்சியிருக்கும் கலங்களில் மருந்துக்கு மசியாதவை பெருக இடம் கிடைக்கிறது. ஆகவே மறதிக்கு இடம் வைக்காத ஏற்பாடு வேண்டும்: கைத்தொலைபேசியில் எச்சரிக்கை மணி, கலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு, வீட்டில் ஒருவர் "போட்டாச்சா?" என்று கேட்பது. மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டு பிடித்துக்கொள்ளும்.

கையிருப்பை 10 நாளுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை, மார்கழி மழையில் வீதி வெள்ளத்தில் மூடினாலும் கிளினிக் திகதி தவறும். தட்டுப்பாடு வரப்போகிறதென்று தெரிந்தால் ஒன்றுவிட்டு ஒருநாள் எடுத்து மிச்சம் பிடிக்கவேண்டாம், வைத்தியசாலைக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். வேறு கம்பனியின் குளிசை தந்தால் அதன் பெயரையும் தொடங்கிய திகதியையும் எழுதிவையுங்கள். மருந்து ஒன்றுதான், ஆனால் அடுத்த பரிசோதனை முடிவை வாசிக்கும்போது அந்தத் திகதி உதவும். குளிசைப் பெட்டியைக் குசினியிலோ முச்சக்கரவண்டியின் முன்தட்டிலோ வைக்கவேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே 30 பாகை தாண்டிவிடும். வீட்டின் குளிர்ச்சியான அறையில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

உடம்பு காட்டும் குறிகள்

காலையில் கண்ணாடி பார்க்கும்போது கண்ணின் மேல்கீழ் இமைகள் பஞ்சுபோல உப்பியிருக்கும். இமாட்டினிப் எடுப்பவர்களில் மிகப் பலருக்கு இது வரும். நாள் ஏற ஏற வற்றும். தலையணையை ஒரு மடிப்பு உயர்த்திப் படுங்கள். உப்பைக் குறையுங்கள். எங்கள் ஊரில் உப்பென்றால் கருவாடு, ஊறுகாய், கடையில் வாங்கும் மிக்சர், சூப் கட்டி. இவை நான்கையும் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். பாரையும் சூரையும் பச்சை மீனாகக் குழம்பு வைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். வாரத்தில் இரண்டு நாள், காலையில் சாப்பிடமுன் எடை பாருங்கள். ஒரு வாரத்துக்குள் 2 கிலோ ஏறினால், அல்லது மூச்சு வாங்கினால், கிளினிக் திகதிவரை காத்திருக்கவேண்டாம்.

வீக்கத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கிறவர்கள் உண்டு. அது பிழை. தொடக்கத்தில் கலங்கள் மளமளவென்று அழியும்போது யூரிக் அமிலம் கூடுகிறது, அதைச் சிறுநீரகம் கழுவி வெளியேற்றவேண்டும். அலோப்பியூரினோல் தருவதும் அதற்கே. இதய, சிறுநீரக வருத்தம் இல்லாதவர்கள் நாளுக்கு 2.5 முதல் 3 லீற்றர் குடிக்கலாம். ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றை மத்தியானத்துக்குள் ஒருதரமும், இருட்ட முன்னர் மறுதரமும் முடித்தால் கணக்குச் சரி.

இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். படுக்கப் போகுமுன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதி நிலத்தில் பதிய 30 விநாடி நில்லுங்கள். காலுக்கு 3 தரம். வாழைப்பழம், பால், இளநீர் உதவும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இளநீருக்கு முன் கேளுங்கள். கடலுக்குப் போகும் தொழிலாளர்கள் முதல் 3 மாதம் தனியாகப் படகில் போகவேண்டாம், வலை இழுக்கும் நேரத்தில் கையோ காலோ பிடித்துக்கொண்டால் ஆபத்து.

கண்ணின் வெள்ளையில் திடீரென்று இரத்தத் திட்டு ஒன்று தோன்றி வீட்டையே பதறவைக்கும். பார்வை மங்காமல், வலி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் தானாகவே மறையும். ஆனாலும் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள். கறுத்த தோல் சில மாதங்களில் வெளுக்கவும் கூடும். "நிறம் வந்திருக்கு" என்று ஊர் சொல்லும். அது குளிசையின் வேலை. வெயில் சுடும், நீளக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும்.

இரத்த எண்ணிக்கை அளவுக்கு மிஞ்சி இறங்கினால், உதாரணமாக நியூட்ரோபில் என்ற வெள்ளைக் கல வகை 1,000க்குக் கீழே அல்லது பிளேட்லெட் 50,000க்குக் கீழே போனால், வைத்தியர் குளிசையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார். ஏறியதும் மறுபடி தொடங்குவார். மருந்து தோற்றுவிட்டதென்று அழவேண்டாம், இது சிகிச்சையில் எதிர்பார்க்கும் விடயந்தான். நிறுத்துவதும் தொடங்குவதும் வைத்தியர் வாயால் வரவேண்டும் என்பதே சட்டம்.

நடை, வேலை

வருத்தக்காரரை வீட்டார் நாற்காலியில் இருத்திவிடுவார்கள். "நீங்கள் இருங்கோ, நாங்கள் செய்யிறம்." அன்பால் சொல்வதுதான். ஆனால் மூன்று வாரம் இருந்தபடியே இருந்தவருக்குக் களைப்பு கூடுமே தவிரக் குறையாது, மனமும் அங்கேயே குந்திக்கொள்ளும். எங்கள் கருத்தில் வீட்டார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அவரிடம் ஒரு வேலையை விட்டுவைப்பது. பூக்கன்றுக்குத் தண்ணீர், பிள்ளையின் வீட்டுப்பாடம், கடைக் கணக்கு எதுவாயினும் அது அவருடையதாகவே இருக்கட்டும்.

நடையை இப்படித் தொடங்கலாம். முதல் வாரம் காலை ஆறு மணியளவில், சமதரையில், 10 நிமிடம். கடற்கரை வீதியோரம் நல்லது. மணலில் நடப்பதென்றால் அலை நனைத்து இறுகிய விளிம்பில் நடவுங்கள், உதிரி மணல் கெண்டைக்காலை இழுக்கும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ஐந்தாம் வாரம் 30 நிமிடத்துக்கு வாருங்கள். வாரத்தில் 5 நாள். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுவே சரியான வேகம். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இருந்தாலோ படபடப்பு, நெஞ்சு வலி இருந்தாலோ வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவேண்டாம். மண்ணீரல் வீங்கியிருக்கும் வரைக்கும் பாரம் தூக்குவது, கிரிக்கெட், உதைபந்து, சைக்கிளில் மேடுபள்ளத்தில் குதிப்பது எல்லாம் நிறுத்தம். வயிற்றில் ஒரு அடி பட்டால் அது கிழியலாம். இடப்பக்கம் திடீரென்று கடுமையாக வலித்து இடத்தோளுக்கும் ஏறினால் உடனே வைத்தியசாலை.

உவர்மலை ஏற்றத்தையும், கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோவில் வரை ஏறும் பாதையையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இரத்தம் தேறி, சமதரையில் 30 நிமிடம் களைப்பில்லாமல் நடக்க வந்தபிறகு, மான்கள் படுத்திருக்கும் மரநிழல்களில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறலாம். மூன்றாம் மாதத்துக்கு அந்த மலையுச்சியைக் குறியாக வைத்துக்கொண்டால் நடைக்கு ஒரு திசை கிடைக்கும்.

வயல் வேலைக்கும் போகலாம், ஆனால் வெள்ளைக் கலம் குறைந்திருக்கும் வாரங்களில் சேற்றில் வெறுங்காலோடு இறங்கவேண்டாம், எலிக்காய்ச்சல் பயம். மீன் முள் குத்தினால் சவர்க்காரம் போட்டுக் கழுவி அன்றே காட்டுங்கள்.

நேர்த்தி, நோன்பு, கைமருந்து

காவடி, அலகு குத்துதல், தீமிதிப்பு என்று நேர்த்தி வைத்தவர்கள் இரத்த எண்ணிக்கை சீராகி வைத்தியர் சம்மதிக்கும்வரை ஒத்திப்போடுங்கள். பத்திரகாளி அம்மன் காத்திருப்பாள். ஹிஜாமா என்ற இரத்தம் எடுக்கும் வைத்தியமும் அப்படியே. கின்னியா, மூதூர்ப் பக்கத்தில் நோன்பு பற்றிக் கேட்பவர்கள் அதிகம். இமாட்டினிப் ஒருநேரக் குளிசை என்பதால் நோன்பு திறந்தபின் சாப்பாட்டோடு எடுக்கமுடியும். ஆனால் முதல் மாதங்களில் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. நிலோட்டினிப்புக்கு நேரக்கணக்கே ஒத்துவராது. வருத்தக்காரருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

பம்பளிமாசு, சிங்களத்தில் ஜம்போலா என்று விற்பது, வேண்டாம். குளிசையை ஈரலில் உடைக்கும் நொதியை அது தடுக்கும், மருந்து இரத்தத்தில் தேங்கும். வலிப்புக்கான பெனிட்டோயின், கார்பமசெப்பின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதற்கு நேரெதிராக மருந்தை விரைவாகக் கரைத்துவிடும். கிளரித்ரோமைசின், வார்ஃபரின் எடுப்பவர்களும் சொல்லியே ஆகவேண்டும். கறிக்குப் போடும் மஞ்சளும் இஞ்சியும் பிரச்சினையில்லை. போத்தலில் அடைத்த மூலிகைச் சாறும் "இரத்தம் சுத்திகரிக்கும்" தூளும்தான் பிரச்சினை, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் இந்தக் குளிசைகளை எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக்கூடாது, பாலூட்டவும் கூடாது. பிள்ளை வேண்டுமென்றால் குளிசையை நீங்களாக நிறுத்தாமல் முதலில் வைத்தியரோடு திட்டமிடுங்கள்.

காய்ச்சல்

வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், எல்லைக்கோடு. பனடோல் போடுமுன் அளந்து எழுதுங்கள், போட்டபின் அளந்தால் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும். எல்லை தாண்டினால் அன்றே வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் பாருங்கள். டெங்கு பரவும் ஊர் இது, டெங்கும் குளிசையும் இரண்டுமே பிளேட்லெட்டை இறக்கும். அஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் தொடவேண்டாம். இரவில் வண்டி கிடைக்காவிட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பணப்பையில் ஒரு அட்டை: நோயின் பெயர், குளிசையின் பெயர், அளவு, கிளினிக்கின் பெயர், மூன்று மொழியிலும்.

கொப்பியும் எண்களும்

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, நீளவாக்கில் ஐந்து கோடு போடுங்கள்: திகதி, வெள்ளைக் கலம், ஹீமோகுளோபின், பிளேட்லெட், பீசீஆர். தொடக்கத்தில் இரத்த எண்ணிக்கையை இரண்டு வாரத்துக்கு ஒருதரமாவது பார்ப்பார்கள். அதைத் திருகோணமலையிலேயே 2, 3 நாள் முந்தி எடுத்து, மட்டக்களப்போ கண்டியோ மகரகமவோ எங்கே கிளினிக் என்றாலும் ரிப்போட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பயணத்தில் குளிசை கைப்பையில் இருக்கட்டும், 3 நாளுக்கு மேலதிகமாக. இரவு ரயிலில் போகிறவர்கள் வீட்டில் சாப்பிட்டு, குளிசை போட்டபின் ஏறுங்கள்.

பிசிஆர்-ஏபிஎல் என்பது மரபணு, பீசீஆர் என்பது அதை அளக்கும் பரிசோதனை. காதுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்பதால் குழம்புகிறவர்கள் பலர். பீசீஆர் முடிவு சதவீதத்தில் வரும், பக்கத்தில் சர்வதேச அளவுகோல் என்று குறித்திருக்கவேண்டும். இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். எட்டவேண்டிய குறி இது: மூன்றாம் மாதம் 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, ஆறாம் மாதம் 1, பன்னிரண்டாம் மாதம் 0.1. ஒரு கிலோ அரிசியை மனதில் வையுங்கள். 10 சதவீதம் என்றால் 100 கிராம், 1 என்றால் 10 கிராம், 0.1 என்றால் ஒரேயொரு கிராம், ஒரு சிட்டிகைதான். அந்தச் சிட்டிகைக்கும் கீழே பல ஆண்டுகள் நின்றவர்களில் தெரிந்தெடுத்த சிலருக்கு வைத்தியக் கண்காணிப்போடு குளிசையை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை. திரும்பினாலும் குளிசையை மீண்டும் தொடங்க, பெரும்பாலும் மறுபடி அடங்குகிறது.

இரத்தம் கொடுத்ததற்கும் பீசீஆர் முடிவு வருவதற்கும் இடைப்பட்ட நாள்கள்தான் மனதுக்கு மிகக் கடினம். அந்த நாள்களில் வீட்டில் ஒருவர் மட்டும் தொலைபேசி எடுத்து உறவினருக்குப் பதில் சொல்லட்டும், ஒரே கதையை இருபது தரம் சொல்லவைத்தால் எவரும் உடைந்துபோவார்கள். நடையை நிறுத்தவேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் 1926க்கு அழைக்கலாம், மனநலத்துக்கான அரச இலக்கம் அது. கிளினிக்கிலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

மூன்றாம் மாத முடிவு 10க்கு மேலே வந்தால் கொப்பியையும் கலண்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது தவறிய நாள்களைத்தான், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு கூட எடுத்த வேறு மருந்துகளைப் பார்ப்பார், பரிசோதனையை மறுபடி செய்வார், தேவைப்பட்டால் மரபணுவில் மேலும் மாற்றம் வந்திருக்கிறதா என்று தேடி டசாட்டினிப்புக்கோ நிலோட்டினிப்புக்கோ மாற்றுவார். புதுக் குளிசை கையில் வந்தால் வாசலைத் தாண்டுமுன் கேட்கவேண்டியது: சாப்பாட்டோடா, வெறும் வயிற்றிலா?